எங்கூட்டுப் பயில்வான்

ஏனுங் தம்பி, ஜிம்முக்குப் போறவீங்களாட்டமிருக்குது? அட, கையப் பாத்தாலே தெரியுதுங்களே, சட்டக் கை தையல் விட்டுப் போறாப்ல இருக்குது. வெக்கப்படாதீங்க, நல்லதுதானுங்க. சித்தெ ஜன்னலோரமா நகந்துக்குங்க, நானும் உக்காந்துக்கறன். சித்தோட்டுல இருந்து நின்னுட்டே வரன். கோபி தாண்டி எறங்கோணும், அது வரைக்கும் பேச்சுத் தொணையாச்சு.

உங்ககிட்ட ஒரு சந்தேகம் கேக்கலாமுங்களா? இந்த எக்சைசு செஞ்சா பொம்பளைங்களுக்கு மனசு கல்லாப் போயிருமுங்களா? சிரிக்காதீங்க தம்பி, நெசமாத்தான் கேக்கறன். ஒடம்பு இறுகறாப்ல மனசும் இறுகுமான்னு வெவரம் தெரிஞ்ச ஆளுகிட்டக் கேக்கோணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டிருந்தன்.

என்ற பேரு நல்லசிவம். மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருக்கறன். எங்க பக்கம் எந்தத் தோட்டத்துல மோட்டாரு எரிஞ்சாலும் எங்கிட்டத்தான் வரும். பொண்டாட்டி பேரு இந்துமதி. எட்டு மாசமா அவங்கப்பன் ஊட்ல உக்காந்திருக்கறா. அவளக் கூட்டிட்டு வரத்தான் இப்பப் போயிட்டிருக்கறன். பேச்செல்லாம் முடிஞ்ச மாதிரிதான். "அவ வரேன்னா நான் எதுக்குத் தடுக்கறேன்"னு மாமனாரே எங்க பெரியப்பாகிட்டச் சொல்லிட்டாரு. அப்பறமென்ன? போறப்ப பஸ்ஸு போதும்னு வந்துட்டன். வரப்ப அவளுக்கு ஒடம்பு அலுங்கக் கூடாதுல்லங்க, கோபில காரு சொல்லி வெச்சிருக்கறன். ஏசிக் காரு. நான் எதுலயும் கொற வெக்கறவனில்ல.

இருங்க, மொதல்ல இருந்து சொல்றன், அப்பத்தான் என்ற பக்கத்து ஞாயம் உங்களுக்குத் தெரியும்.

எங்களுக்கு மொதக் கொழந்த பொட்டப்புள்ள. சம்யுக்தா. சம்முன்னு கூப்புடுவோம். சுகப்பெரசவந்தான். ஆனா புள்ள பொறந்து ஒரு வருசம் ஆகியும் இவளுக்கு வவுறு உள்ள போகல. கண்ணாலங் காச்சிக்குப் போனா, "என்ன இந்து, அடுத்த விசேசமா?"ன்னு பந்தியிலயே கேக்கறாங்க. நானும் லொள்ளுக்கு, "ஆமாமா, உள்ளார ஆளு இருக்குது"ன்னு சொல்லி வெப்பன். எல்லாரும் சிரிப்பாங்க. அவளுந்தான் சிரிப்பா. சிரிச்சாளாட்டத்தான் ஞாவகம்.

வவுறு கூடப் பரவால்லீங்க. கீழ கெடக்கற புள்ளையக் குனிஞ்சு தூக்க முடியல. தூக்கப் போனா இடுப்பு புடிச்சுக்கும், நடு வவுத்துல கூம்பாட்டம் ஒண்ணு பொடச்சுட்டு நிக்கும். சம்மு ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு "மா, மா"ன்னு வந்து நிக்கும். இவ தரையில உக்காந்து மடியில வாங்கிக்குவா, தூக்க மாட்டா. புள்ளைக்கு அது புரியுமா? கொஞ்ச நேரம் பாத்துட்டு எங்கம்மாகிட்ட ஓடிரும். அதுக்கு இவ பாத்திரம் தேச்சுட்டே அழுவா. "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க. சம்முவ இடுப்புல வெச்சுட்டு நாலு ஊடு போயிட்டு வரோணும், அவ்வளவுதான்"னு சொல்லுவா. இதெல்லாம் ஒரு ஆசைங்களா தம்பி? நகை கேட்டாளா, சேலை கேட்டாளா? கேட்டிருந்தா வாங்கிக் குடுத்திருப்பன்.

எங்கம்மா நாலு பெத்தவ. "கட்டு செரியாக் கட்டல, அதான் வவுறு ஒட்டல"ன்னுட்டா. பழைய வேட்டியக் கிழிச்சுச் சுத்தி, நானே மொழங்கால முட்டுக் குடுத்து இறுக்குனன். காயில் கட்டற கை பாருங்க, நம்ம கட்டு லேசுல அவுறாது. மூச்சு விட முடியலைன்னா. ரெண்டு நாளு கழிச்சு, கீழ என்னமோ எறங்குதுன்னா, இருமுனா ஒண்ணுக்கு வந்துருதுன்னா. எங்கம்மாவுக்குக் கோவம். "நாங்கெல்லாம் பெக்கலையா?"ன்னா. நான் ரெண்டு பேருக்கும் பொதுவா, சரி போன்னு அவுத்து உட்டுட்டன்.

அப்பறந்தான் அவ பொறந்தவன், என்ற மச்சான் மோகனசுந்தரம், கோபில ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். நானும் கடையச் சாத்திட்டுப் போனன். அங்கெ பிசியோன்னு ஒரு அம்மிணி, சின்ன வயசு. இவளப் படுக்க வெச்சுத் தலைய மட்டும் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேல வெரல வெச்சுப் பாத்துச்சு. வெரலு உள்ள போகுதுங்க! "மாசமா இருக்கறப்ப வயித்துத் தசை ரெண்டு பக்கமா விலகிருமுங்க. சில பேருக்கு மறுபடியும் சேராம நின்னுரும். மெதுவாச் சேத்திரலாம், ஊட்லயே செய்யற பயிற்சிதான்"னுச்சு. அப்பறம் என்னயப் பாத்துத் திரும்பி, "அது வரைக்கும் கனமா எதுவும் தூக்க விடாதீங்க. அடுத்த கொழந்தையும் இப்ப வேண்டாமுங்க. பலம் வரட்டும்"னுச்சு. நல்லாத் தலையாட்டுனன். சின்னப் புள்ள சொன்னாலும் தலையாட்டிக் கேக்கறவன் நானு. அந்த மரியாத எங்கிட்ட எப்பவும் உண்டு.

சரி, எக்சைசுன்னா என்னமோ ஏதோன்னு பாத்தா, ஒண்ணுமே இல்லீங்க. மல்லாந்து படுத்து முட்டிய மடக்கிட்டு, வாயக் குவிச்சு மூச்ச விட்டுட்டே வவுத்த உள்ளார இழுக்கறது. குதிகால ஒண்ணொண்ணா நீட்டறது, மடக்கறது. இடுப்பத் தூக்கி நிறுத்தி எறக்கறது. எந்திரிக்கறப்ப ஒருக்களிச்சுக் கைய ஊனித்தான் எந்திரிக்கோணுமாம். "இதுக்குப் பேரு எக்சைசா? தண்டால் எடு, ஒரே மாசத்துல சேந்துரும்"னன். "அது செஞ்சா இன்னும் பிரியுமுங்க, அவங்க சொல்லியிருக்கறாங்க"ன்னா. நான் என்ன சொன்னாலும் எதுத்துத்தான் ஒரு பேச்சு.

எங்கம்மா மத்தியானம் கண்ணசர்ற நேரமாப் பாத்து உள்ரூம்ல கதவச் சாத்திட்டுச் செய்வா. சம்முவும் பக்கத்துல படுத்துட்டு வாயக் குவிச்சுக் குவிச்சு ஊதும். ஒரு நாளு உடாமச் செஞ்சா, அதச் சொல்லியாகோணும். மறுக்கா ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, எடைவெளி நல்லாக் கொறஞ்சிருக்குது, இதே மாதிரி செஞ்சா பொங்கலுக்குள்ள புள்ளையத் தூக்கிரலாம்னு அந்த அம்மிணி சொல்லுச்சாம். அன்னிக்கு ஊட்டுக்கு வந்தவ பொரியலுக்குக் கொத்தவரங்கா கிள்ளிட்டே பாட்டுப் பாடிட்டிருந்தா. எனக்கே அவள அப்படிப் பாத்து ரொம்ப நாளாச்சேன்னு இருந்துச்சு.

கண்டக்டரு, கோபி தாண்டி ஒண்ணுங்க. இந்தாங்க.

என்ன சொல்லிட்டிருந்தன்? ஆங், நோம்பி. எங்கூரு மாரியாத்தா நோம்பி வந்துச்சு. ஊடு நெறைய ஒறம்பரை சனம். அக்கா குடும்பம், பெரியப்பா குடும்பம், பெங்களூர்ல இருந்து சித்தப்பா மகன், எல்லாரும் வந்திருந்தாங்க. கூட்டமா இருந்தா எனக்குக் கை சும்மா இருக்காதுங்க, யாரையாச்சும் ஓட்டிட்டே இருக்கோணும். காலைல எந்திரிச்சுப் பாக்கறன், இவளக் காணம். உள்ரூம் கதவு சாத்தியிருக்குது. கொல்லப்பக்கம் போய் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா, அத்தன சனம் இருக்கற அன்னிக்கும் உடாமச் செஞ்சிட்டிருக்கறா! சேலய வவுத்துக்கு மேல ஒதுக்கிட்டு, கண்ண மூடிட்டு, இடுப்பத் தூக்கித் தூக்கி எறக்கறா. எனக்குச் சிரிப்புத் தாங்கல. சத்தங் காட்டாம போன எடுத்து வீடியோ புடிச்சு, "எங்கூட்டுப் பயில்வான்"னு போட்டு எங்க குடும்பக் குரூப்புல உட்டுட்டன்.

அன்னிக்குப் பந்தியில நடந்தத நீங்க பாத்திருக்கோணும். இவ சாம்பார் வாளியத் தூக்கிட்டுப் பரிமாறிட்டு வரா. உக்காந்திருக்கறவீங்க ஒவ்வொருத்தராப் போனப் பாக்கறாங்க, இவளப் பாக்கறாங்க, சிரிக்கறாங்க. இவளுக்கு என்னன்னு தெரியல. சேல வெலகியிருக்குதோன்னு முந்தானையச் சரி பண்றா. மறுக்காச் சிரிக்கறாங்க, மறுக்காச் சரி பண்றா. எங்கக்கா புருசன்தான், "பயில்வானுக்கு ரெண்டு கரண்டி சேத்துப் போடுங்கப்பா"ன்னு போன அவளுக்கு நேராத் திருப்பிக் காட்டிட்டாரு. பாத்தா. வாளியக் கீழ வெக்கல. கடைசி எலை வரைக்கும் சாம்பார் ஊத்திட்டுத்தான் உள்ள போனா. கோவிச்சிருந்தா ஊத்தியிருப்பாளா, நீங்களே சொல்லுங்க.

இருங்க, காட்டறன், இன்னும் போன்லதான் இருக்குது. இந்தா, இதுதான். அட, ஏன் தம்பி மூஞ்சிய அக்கட்டால திருப்பிக்கறீங்க? கட்டுன பொண்டாட்டிங்க, எனக்கே வெக்கமில்ல, உங்களுக்கென்ன? சரி, வேண்டாம்னா உடுங்க.

அன்னில இருந்து உள்ரூம் கதவு சாத்தற வேலையே இல்ல. "ஏன், செய்யறதுதானே, யாரு வேண்டாம்னா?"ன்னு நானாத்தான் பெருந்தன்மையாக் கேட்டன். "போதுமுங்க"ன்னுட்டா. கொஞ்ச நாளு அடுப்படில செவுத்துல சாஞ்சு நின்னுட்டு என்னமோ பண்ணிட்டிருந்தா, எங்கம்மா பாத்துட்டா. "இப்படி எக்கி எக்கிட்டிருந்தா தங்கற கரு எங்கெடி தங்கும்? ஆம்பளப் புள்ள வேணுமா வேண்டாமா இந்த ஊட்டுக்கு?"ன்னு ஒரு புடி புடிச்சுட்டா. அதோட அதுவும் நின்னுது. ஆஸ்பத்திரிக்கும் போகல. பொங்கலு வந்துச்சு, போச்சு. சம்மு நல்லா ஓடியாடப் பழகிருச்சு, தூக்கச் சொல்லி இவகிட்ட வர்றதே இல்ல.

அப்பத்தான் ஒருக்கா என்ற கையப் புடிச்சுட்டு, "ஒரு வருசம் பொறுத்துக்குங்க, மறுக்கா மொதல்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஒடம்பு சேரட்டும்"னு கேட்டா. பொறுக்கறதுக்கு நான் என்ன சாமியாருங்களா? வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. புருசன் பொண்டாட்டிக்குள்ள இருக்கறத வெளிய பேசறது தப்பு, உட்டுருங்க. ஆண்டவன் குடுத்தான்.

ஊடே சந்தோசமா இருந்துச்சு. இவ மட்டும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டே திரிஞ்சா. அஞ்சு மாசத்துலயே வவுறு முன்னால சரிஞ்சு, தொப்புளு எலுமிச்சங்காயாட்டம் வெளிய தள்ளிட்டு நின்னுச்சு. நிக்கறப்ப ஒரு கையால வவுத்தத் தாங்கிட்டே நிப்பா. "அம்மா ஊட்டுக்குப் போய் இருக்கட்டுங்களா?"ன்னு கேட்டா. எங்க வழக்கத்துல மொதக் கொழந்தைக்குத்தானுங்க கட்டுச்சோறு கொண்டாந்து கூட்டிட்டுப் போவாங்க. ரெண்டாவதுக்கு எதுக்குங்க? ஊட்டு வேலைய யாரு பாக்கறது?

ஆறாவது மாசம் எங்க கொலதெய்வத்துக்குக் கெடா வெட்டு. எங்க வகையறாவுல ஒரு மொறை இருக்குதுங்க. கருப்பனுக்கு வெக்கற பொங்கப் பானைய அந்த வருசம் கெடா குடுக்கற ஊட்டு மருமகதான் அடுப்புல இருந்து எறக்கோணும். வேற ஆளு கை படக் கூடாது. அந்த வருசம் கெடா எங்குளுது. பித்தளப் பானை, பெருசு, கழுத்து வரைக்கும் பொங்கலு. இவ எங்கிட்ட வந்து காதோட, "என்னால முடியாதுங்க, உள்ள என்னமோ பிதுங்குது, பெரியக்காவ எறக்கச் சொல்லுங்க"ன்னா. எங்கக்கா வேற ஊட்டுக்குப் போனவ, அவ எப்படி எறக்குவா? சனமெல்லாம் பாத்துட்டிருக்குது. பூசாரி உடுக்கைய நிறுத்திட்டுக் காத்துட்டு நிக்கறாரு. எனக்கு மானம் போகுது. சண்ட போட்டன்னு நெனைக்காதீங்க, சிரிச்ச மொகமாத்தான் சொன்னன்: "என்ன பயில்வான், அத்தன எக்சைசு செஞ்சுட்டு ஒரு பானை தூக்க மாட்டியா?"

எல்லாரும் சிரிச்சாங்க.  இவ முந்தானைய இழுத்துச் சொருகிட்டுப் போய்த் தூக்கிட்டா.

எறக்கி வெச்சுட்டா தம்பி. ஒரு பருக்கை கீழ சிந்தல. கொலவ போட்டாங்க. இவ அந்த அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்துட்டா. மூஞ்சியெல்லாம் வேர்வை. தொப்புளுகிட்டக் கல்லாட்டம் ஒண்ணு பொடச்சு நிக்குதுன்னா. வாந்தி எடுத்தா. எங்கம்மா, "வாயுவு, சுக்குத் தண்ணி குடுங்க"ன்னா. குடுத்தோம். அதையும் வாந்தி எடுத்தா. கெடா வெந்துட்டிருக்குது, ஒறம்பரையெல்லாம் பசியோட உக்காந்திருக்குது. பந்தி முடிஞ்சதும் கெளம்பிரலாம்னுதான் சொன்னன். அது தப்புங்களா? வந்த சனத்த உட்டுட்டு எப்படிப் போறது?

ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள பொழுது சாஞ்சிருச்சு. அந்த எடைவெளியில கொடலு பிதுங்கி மாட்டிக்கிட்டு, ரத்தம் ஓடாம அழுகிப் போச்சாம். சித்தெ முன்னால வந்திருக்கக் கூடாதான்னு டாக்டரு கத்துனாரு. அறுத்துத்தான் எடுத்தாங்க. இவ பொழச்சுக்கிட்டா. புள்ளை தங்கல.

பையனுங்க தம்பி. எங்கைல குடுத்தாங்க. கையி, காலு, நகமெல்லாம் இருக்குது. துணியோட சேத்து என்ற ரெண்டு கைக்குள்ள அடங்கிட்டான். நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். எங்கப்பன் செத்தப்பக்கூட அப்படி அழுகல. அவ அழுகல, அத நானே பாத்தன். மயக்கந் தெளிஞ்சு கண்ணு முழிச்சவ புள்ளை எங்கேன்னுகூடக் கேக்கலீங்க. செவுத்தப் பாத்து ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டா. நான் அத்தன சனத்துக்கு முன்னால தேம்பித் தேம்பி அழுதுட்டிருக்கறன், ஆறுதலா ஒரு வார்த்த? ஒண்ணுமில்ல. அப்பவே கல்லாயிட்டா. அதான் உங்களக் கேட்டன்.

ஆஸ்பத்திரில இருந்து மச்சான் அவளையும் சம்முவையும் நேரா அவங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான், எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. போனு போட்டா எடுக்கறதில்ல. அங்கெ போனதும் என்ன பண்றாளாம்? மறுக்கா அதே எக்சைசு! தையல் ஆறுனதும் அந்த பிசியோ அம்மிணி அவங்க ஊட்டுக்கே வந்து சொல்லிக் குடுத்துச்சாம். புள்ளையப் பறிகுடுத்தவ செய்யற வேலைங்களா அது? எங்கம்மா கேட்டுட்டு நெஞ்சுல அடிச்சுக்கிட்டா.  நான்தான், செய்யட்டும், நல்லதுக்குத்தானேன்னு உட்டுட்டன்.

போன வாரம் பெரியப்பாவக் கூட்டிட்டுப் போயிருந்தன். வாசல்ல நிக்கறா. "வாங்க பெரியப்பா"ன்னு அவரத்தான் கூப்புட்டா. என்னயக் கேக்கல, சரி, கூச்சம். நான் சம்முவப் பாத்து, "அப்பாகிட்ட வா சாமி"ன்னு கைய நீட்டுனன். புள்ளை என்னயப் பாத்துச்சு, அவளப் பாத்துச்சு. ஓடிப் போய் அவளுக்கு முன்னால ரெண்டு கையையும் தூக்கிட்டு நின்னுச்சு.  மூணு வயசுப் புள்ளைங்க, நல்ல கனம். இவ அவசரமே படல. கால அகட்டி வெச்சு, முட்டிய மடக்கிக் குந்துனா. மூச்ச மெதுவா வெளிய உட்டா. புள்ளைய மாரோட சேத்துப் புடிச்சு அப்படியே எந்திரிச்சுட்டா. இடுப்புல வெச்சுக்கிட்டா. மொகத்துல ஒரு சுளிப்பு இல்ல, கை வவுத்துக்குப் போகல.

திரும்பி உள்ள நடந்தா, கதவச் சாத்துனா. அவங்க ஊட்டுக் கதவு பழைய தேக்கு, இரும்புத் தாப்பா துருப்புடிச்சுக் கெடக்கும், நானே ரெண்டு கையும் போட்டுத்தான் தள்ளுவன். இவ புள்ளைய இடுப்புல வெச்சுட்டு ஒத்தைக் கையில தள்ளிட்டா. உள்ளார தாப்பா உழுந்த சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுச்சு. பெரியப்பாவுக்கு மூஞ்சி செத்துப் போச்சு, "வாடா போலாம்"னாரு. எனக்குக் கோவமே வரலீங்க. டாக்டரு, அடுத்த கொழந்தையப் பத்திப் பேச்சே எடுக்காதீங்கன்னு சொன்னாருதான், டாக்டருக அப்படித்தான் சொல்லுவாங்க. நான்தான் கண்ணால பாத்துட்டனே.

என்ற ஸ்டாப்பு வந்துருச்சு, வரட்டுங்களா. அவளுக்குப் பலம் வந்துருச்சுங்க தம்பி. இனி என்ன சாக்குச் சொல்லுவா?